தப்பு செய்தது யார்?
மென்பொருளைப் பணிச்சூழலியல் தரங்களின்படி அளந்து பார்ப்பது பற்றி

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தரப்பட்டது.)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "டெக்னிக்கலா ஏதாவது பேசுங்க, ஆனா யாரையும் தூங்க வெச்சிடாதீங்க" என்றார். இரண்டும் ஒன்றாக நடப்பது கடினம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த அரங்கில் உட்கார்ந்து வகுப்புக் கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். நல்லவேளை, எனக்குக் காலை நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் 1988-இல் இங்கிருந்து வெளியே போனவன். வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பகுதி மென்பொருள் தரச் சோதனையில் கழிந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் எங்களைப் பார்ப்பது, புது மருமகள் மாமியாரைப் பார்ப்பது மாதிரி. வீட்டுக்குள் வந்தாலே குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். போகட்டும்.

சோதனையில் இரண்டு கேள்விகள் உண்டு. முதல் கேள்வி, "இந்த மென்பொருள் கணக்கைச் சரியாகப் போடுகிறதா?" இரண்டாவது, "இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரால் ஒழுங்காக வேலை பார்க்க முடிகிறதா?" முதல் கேள்விக்குக் கல்லூரியிலேயே பாடம் உண்டு, கருவிகள் உண்டு, பரீட்சையும் உண்டு. இரண்டாவது கேள்வியை மட்டும் "அதெல்லாம் அவரவர் ரசனை" என்று ஒதுக்கி விடுகிறோம். அது ரசனை அல்ல, அளக்கக்கூடிய விஷயம். அதற்கென்று உலகம் ஒப்புக்கொண்ட தரங்கள் இருக்கின்றன. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

சட்டமாக வந்த கதை

பணிச்சூழலியல் என்றால் நம்மில் பலருக்கு நாற்காலியும் மேஜையும்தான் ஞாபகத்துக்கு வரும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், இப்படி. அதுவும் சரிதான். ஆனால் நாள் முழுவதும் திரையைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு நாற்காலி மட்டுமா வலி தருகிறது? திரைக்குள்ளே இருப்பதும் தருகிறது.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் ஜெர்மானியர்கள் முக்கியமானவர்கள். வொல்ப்காங் ட்ஸீடாவும் அவருடைய சகாக்களும் 1978-இல், பயன்படுத்துகிறவர்கள் எதை வைத்து ஒரு கணினி அமைப்பை நல்லது என்கிறார்கள் என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1988-இல் ஜெர்மனி வெளியிட்ட டின் 66234 தரத்தின் எட்டாம் பகுதி. அதில் ஐந்து கோட்பாடுகள் இருந்தன. பிறகு அது உலகத் தரமாக வளர்ந்தது. ஐ.எஸ்.ஓ. 9241 என்ற வரிசையில், பத்தாம் பகுதியாக 1996-இல் ஏழு கோட்பாடுகளோடு வெளிவந்தது. 2006-இல் அதற்கு 110 என்று எண் மாறியது. 2020-இல் மறுபடியும் திருத்தினார்கள். எண் எப்படி மாறினாலும் வம்சம் ஒன்றுதான்.

இடையில் 1990 மே மாதத்தில் ஐரோப்பிய சமூகம் ஓர் உத்தரவு போட்டது. கணினித் திரையின் முன் வேலை செய்பவர்களின் உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய உத்தரவு அது. அதன் பிற்சேர்க்கையில் மேஜை, நாற்காலி, வெளிச்சம், சத்தம் எல்லாம் வருகிறது. அவற்றோடு மென்பொருளும் வருகிறது! செய்கிற வேலைக்கு ஏற்றதாக மென்பொருள் இருக்க வேண்டும். பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும். தகவலை மனிதருக்கு ஏற்ற வடிவிலும் வேகத்திலும் காட்ட வேண்டும். ஊழியருக்குத் தெரியாமல் அவருடைய வேலையை அளக்கிற ஏற்பாடு எதையும் உள்ளே வைக்கக்கூடாது. 1992 முடிவதற்குள் உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஜெர்மனி கொஞ்சம் தாமதமாக 1996 டிசம்பரில் கொண்டுவந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், புத்தகம் படித்து அல்ல. 1990-களின் கடைசியில் நான் சென்னையில் வேலை பார்த்த கம்பெனி ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்கு அலுவலக மென்பொருள் செய்து கொடுத்தது. எல்லாச் சோதனையும் முடித்து, "பிழை ஒன்றுமில்லை" என்று அனுப்பினோம். அங்கிருந்து வந்த பதிலில் ஒரே கேள்வி: "9241-இன் பத்தாம் பகுதிப்படி செய்த மதிப்பீட்டு அறிக்கை எங்கே?" அந்த ஊரில் அலுவலகங்களில் ஊழியர்களின் பிரதிநிதிக் குழு அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊழியரைக் கண்காணிக்க வாய்ப்புள்ள எந்தக் கருவியையும் அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகம் நுழைக்க முடியாது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் புரோகிராமர்கள் அல்ல; கிளார்க்குகளும் ஸ்டோர் கீப்பர்களும்தான். ஒரு ஸ்டோர் கீப்பர் "இந்த ஸ்க்ரீனில் என்னால் வேலை செய்ய முடியாது, காரணம் இது" என்று தரத்தின் கோட்பாட்டைக் காட்டிச் சொல்ல முடிகிறது, அதைக் கம்பெனி கேட்க வேண்டியிருக்கிறது! எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஏழு கோட்பாடுகள்

இப்போது நடப்பில் உள்ள 2020-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஏழு கோட்பாடுகளையும் நம் ஊர் உதாரணங்களோடு சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு வராது, பிழைப்புக்கு வரும்.

முதலாவது, வேலைக்கு ஏற்றதாக இருப்பது. கணினிக்கு வசதியான வரிசையில் அல்ல, வேலை நடக்கிற வரிசையில் திரை அமைய வேண்டும். நம் ஆட்களுக்குத் தினமும் நடக்கிற ஒன்றைப் பாருங்கள். முருகனுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். படிவம் கேட்கிறது: "கடைசிப் பெயர் கட்டாயம்." பாவம், அவர் என்ன செய்வார்? ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் ஊர் பெயரைப் போடுகிறார். நாளைக்கு ஒரு சான்றிதழில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று அலைவது முருகன்தான், படிவம் போட்டவர் அல்ல.

இரண்டாவது, தன்னைத் தானே விளக்குவது. நான் இப்போது எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் திரையே சொல்ல வேண்டும். இது சொல்லாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 1992 ஜனவரி 20 அன்று பிரான்சில் லியோன் நகரிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போன ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்கும் வேகத்தையும் இறங்கும் கோணத்தையும் ஒரே குமிழால்தான் தர வேண்டும். எந்த முறையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். கோணம் என்று நினைத்து 3.3 பாகை தந்திருக்க வேண்டும், அது நிமிடத்துக்கு 3,300 அடி என்று போயிருக்க வேண்டும் என்பதே விசாரணையில் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். திரையில் ஒன்று 3.3 என்றும் மற்றது 33 என்றும் தெரியும். நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம்! பிறகு இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

மூன்றாவது, எதிர்பார்ப்புக்கு ஒத்துப்போவது. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. ஒரு லட்சத்தை நாம் 1,00,000 என்று கமா போட்டுப் பழகியவர்கள். பழகிய கண்ணுக்கு மாறாகக் காட்டினால், கண் தவறாகத்தான் படிக்கும்.

நான்காவது, கற்றுக்கொள்ள எளிதாக இருப்பது. இங்கே தமிழுக்கே உரிய ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதை ஒட்டி அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். நடுவில் உள்ள புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவருக்கு அருமை. ஆனால் இருபது வருஷம் தமிழ் டைப்ரைட்டரில் விரல் ஓடியவருக்கு? அவருக்கு அது மூன்றாவது கோட்பாட்டை மீறுகிறது, விரலின் எதிர்பார்ப்பே வேறு. ஒரு கோட்பாடு இன்னொன்றோடு மோதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரியாமல் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஐந்தாவது, கட்டுப்பாடு பயன்படுத்துகிறவர் கையில் இருப்பது. நடுவில் நிறுத்த, பின்னால் போக, செய்ததைத் திரும்பப் பெற வழி வேண்டும். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் "நேரம் முடிந்தது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்" என்று வந்தால், கட்டுப்பாடு அவரிடம் இல்லை.

ஆறாவதுதான் இன்றைய பேச்சின் உயிர். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஏழாவது, பயன்படுத்துகிறவரை ஈடுபட வைப்பது. நம்பிக்கை தரும் விதமாக, அழைக்கும் விதமாக இருப்பது. 2020-இல்தான் இது சேர்ந்தது. பழைய பட்டியலில் அந்த இடத்தில், அவரவருக்கு ஏற்ப மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதி என்று ஒன்று இருந்தது.

ஒரே ஒரு சொல்லின் மாற்றம்

ஆறாவது கோட்பாட்டைப் பழைய பதிப்புகள் "பிழை பொறுத்தல்" என்றன. 2020 பதிப்பு அதை "பயன்பாட்டுப் பிழையைத் தாங்கும் உறுதி" என்கிறது. கவனியுங்கள், "பயனாளர் பிழை" என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அர்த்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பயனாளர் பிழை என்றால் குற்றவாளி யார் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பயன்பாட்டுப் பிழை என்றால், பயன்படுத்தும்போது ஒரு பிழை நடந்தது, அவ்வளவுதான். காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும். மருத்துவக் கருவிகளுக்கான தரத்தில் இந்தச் சொல் முன்பே வந்துவிட்டது. வந்ததற்குக் காரணமும் உண்டு.

1985-க்கும் 1987-க்கும் நடுவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தால் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் உயிரிழந்தார்கள். அடிப்படைக் காரணம் புரோகிராமில் இருந்த பிழையும், பாதுகாப்புக்கு இருந்த வன்பொருள் தடைகளை எடுத்துவிட்டதும்தான். ஆனால் திரை என்ன சொன்னது தெரியுமா? "மால்பங்ஷன் 54." அவ்வளவுதான். 54 என்றால் என்ன என்று இயக்குபவருக்குத் தந்த கையேட்டில் விளக்கம் இல்லை. "பி" என்ற ஒரு விசையைத் தட்டினால் மேலே தொடரலாம். இப்படிப்பட்ட செய்தி தினமும் பல தடவை வரும், ஒன்றும் ஆகாது, தட்டிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. உயிர்போகிற செய்தியும் அதே உடுப்பில்தான் வந்தது. இயக்கிய அந்த ஊழியரைக் குற்றம் சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

ஒரு நோட்டுப் புத்தகம்

இயந்திரம், விமானம் என்றால் பெரிய விஷயம், நமக்குத் தூரம் என்று தோன்றும். பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014-இல் நம் பேட்ச் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு சிறிய கடன் சங்கத்துக்குப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். கவுன்டரில் ஓர் அம்மா, இருபது வருஷம் பேரேட்டில் கணக்கு எழுதியவர். புதுச் சாப்ட்வேர் வந்த பிறகு அவர் கணக்கில் அடிக்கடி வித்தியாசம் வந்தது. மெமோ கொடுத்துவிட்டார்கள். "அலட்சியம்" என்று அதில் எழுதியிருந்தது. குறைந்த பணத்தைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

என்னிடம் அவர் சொன்னது ஒரே வரி. "நான் கவனமாத்தான் அடிக்கிறேன் சார். எப்படி ஆகுதுன்னே தெரியல."

இரண்டு நாள் அவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை, பார்த்தேன், எழுதினேன். பணம் கட்டும் சலானில் வரிசை: அசல், வட்டி, அபராத வட்டி. திரையில் வரிசை: வட்டி, அபராத வட்டி, அசல். தொகையில் கமா கிடையாது. ஒரு லட்சமும் பத்து லட்சமும் பார்வைக்கு ஒரே நீளமான பூஜ்யக் கோடுதான். என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும்; கடைசிக் கட்டத்தில் அதே என்டர் கேட்காமல் பதிவு செய்துவிடும். பதிவானதைத் திருத்தத் தலைமை அலுவலகத்துக்குத்தான் உரிமை. ரத்து செய்யும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: "பதிவை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பொத்தான்கள், "சரி" என்று ஒன்று, "ரத்து" என்று ஒன்று. இதில் எதை அமுக்கினால் ரத்தாகும் என்று நீங்களே சொல்லுங்கள்!

அந்த அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தவறு ஆனதும் தேதி, கடன் எண், என்ன ஆச்சு என்று எழுதி, சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லித் திருத்தச் சொல்வார். நேர்மையாக வைத்த நோட்டு. நிர்வாகம் அதையே மெமோவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. இத்தனை தப்பு செய்திருக்கிறார், அவர் கையாலேயே எழுதியிருக்கிறார் என்று.

நான் அதே நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். தவறுகள் சிதறி இல்லை. பெரும்பாலும் இரண்டே இடத்தில் குவிந்திருந்தன: அசலும் வட்டியும் இடம் மாறியது, பூஜ்யம் கூடியது அல்லது குறைந்தது. அலட்சியமான ஆள் என்றால் எல்லா இடத்திலும் தவறுவார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தால், அங்கே கல் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கவுன்டரில் இருந்த இளைஞரையும் பார்த்தேன். அவரும் அங்கேதான் தடுக்கினார். ஆனால் நோட்டு வைக்கவில்லை, அதனால் மெமோவும் வரவில்லை.

நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அப்போது நடப்பில் இருந்த 2006 பதிப்பின் எந்தக் கோட்பாடு மீறப்பட்டது, எத்தனை முறை கண்ணால் பார்த்தேன், எப்படித் திருத்தலாம் என்று எழுதினேன். "இந்த அம்மா நல்லவர், விட்டுவிடுங்கள்" என்று நான் எழுதியிருந்தால் அது சிபாரிசு. தரத்தைக் காட்டி எழுதியதால் அது சான்று. சாப்ட்வேர் கொடுத்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கட்டங்களின் வரிசையையும் கமாவையும் பதிவுக்கு முன் ஒரு கேள்வியையும் சேர்த்தார்கள். மெமோ திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அவர் கட்டிய பணம் மட்டும் திரும்பி வரவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் நான் கதையை இனிப்பாக்கிச் சொன்னவனாவேன்.

எப்படி அளப்பது?

இப்போது தம்பி தங்கைகளுக்கு வேலைமுறை.

ஐ.எஸ்.ஓ. 9241-இன் பதினொன்றாம் பகுதி 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. அது மூன்று அளவுகளைச் சொல்கிறது. எடுத்த வேலை சரியாக முடிந்ததா, முடிக்க எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆயிற்று, செய்தவருக்குத் திருப்தியா. இந்த மூன்றையும் இன்னார், இன்ன வேலைக்கு, இன்ன சூழலில் என்று குறிப்பிட்டுத்தான் அளக்க வேண்டும். "இந்த ஆப் நல்லா இருக்கு" என்ற வாக்கியத்துக்கு இந்தத் தரத்தின்படி அர்த்தமே இல்லை. யாருக்கு, எதற்கு, எங்கே என்று கேட்க வேண்டும். ஏசி அறையில் பெரிய திரையில் சோதித்ததை, உச்சி வெயிலில் ரேஷன் கடை வாசலில் நின்று கைபேசியில் பார்க்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "எங்க டெஸ்ட்ல பாஸ் ஆச்சே" என்று சொல்லக்கூடாது.

முதலில் சூழலை எழுதுங்கள். பிறகு அந்த வேலையை உண்மையாகவே செய்கிற ஐந்து பேரைப் பிடியுங்கள். ஏன் ஐந்து? ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்கு அது. ஒருவரைப் பார்த்தால் சராசரியாகக் குறைகளில் 31 சதவீதம் அகப்படும் என்றால், ஐந்து பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதம் அகப்பட்டுவிடும். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். ஆனாலும் ஒருவரையும் பார்க்காமல் இருப்பதைவிட ஐந்து பேர் எவ்வளவோ மேல்.

மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். நடுவில் உதவி செய்யாதீர்கள். இது ரொம்பக் கஷ்டம்; "அங்க இல்ல, மேல பாருங்க" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மக்கள் மரியாதைக்காரர்கள். எவ்வளவு தொல்லைப்பட்டாலும், "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க" என்பார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்றால் இன்னும் நன்றாக இருக்கும்! ஆகவே வாயை நம்பாமல் கையைப் பாருங்கள். எங்கே விரல் தயங்கி நிற்கிறது, எங்கே பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்கிறார், எங்கே துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒட்டிவைத்த ஒவ்வொரு சீட்டும், திரை சொல்லத் தவறிய ஒரு செய்தி.

திருப்தியை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஜான் புரூக் 1986-இல் இங்கிலாந்தில் தயாரித்த பத்து வாக்கியப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழ்வதுபோல் இருக்கும். அவற்றில் கிடைத்த எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்வதுபோல் இருக்கும். 5-இலிருந்து கிடைத்த எண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். 0 முதல் 100 வரை ஒரு எண் வரும். எல்லாவற்றுக்கும் நடுவில் 3 என்று போட்டவருக்கு 50 வரும், போட்டுப் பாருங்கள். ஆனால் இது சதவீதம் அல்ல. பல நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68 அளவில் நிற்கிறது. ஆகவே 50 என்றால் பாதி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரிக்கும் நன்றாகக் கீழே என்று பொருள்.

தரம் மந்திரக்கோல் அல்ல

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். தரத்தைக் கையில் வாங்கியதும் அதை டிக் அடிக்கிற பட்டியலாக்கிவிடும் ஆசை வரும். "ஏழுக்கு ஏழு, பாஸ்" என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். இந்தக் கோட்பாடுகள் பாஸ் மார்க் போடுவதற்கு எழுதப்பட்டவை அல்ல. டென்மார்க்கின் ரோல்ப் மோலிச் 1998 முதல் தொடர்ந்து ஒரு பரிசோதனை நடத்தினார். ஒரே மென்பொருளைப் பல நிபுணர் குழுக்களிடம் தனித்தனியே கொடுத்து மதிப்பிடச் சொன்னார். ஒன்பது குழுக்கள் ஒரே தளத்தை மதிப்பிட்ட இரண்டாவது சுற்றில், கண்டுபிடித்த குறைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு குழுவின் கண்ணில் மட்டும் பட்டவை! நிபுணர்களே இப்படியென்றால், ஒருவர் ஒரு முறை பார்த்துப் போட்ட டிக் எதற்கு உதவும்? பலர் பார்க்க வேண்டும், திருத்தியபின் மறுபடியும் பார்க்க வேண்டும். கோட்பாடு எங்கே பார்ப்பது என்று காட்டும். பார்ப்பது நம் கண்தான்.

இன்னொன்று, ஐரோப்பாவில் இதற்குச் சட்டத்தின் பின்பலம் உண்டு. நம் அலுவலகங்களில் கவுன்டரில் உட்காருகிற ஊழியரிடம், புதுச் சாப்ட்வேர் வருமுன் "உங்களுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்கிற வழக்கம் குறைவு. வந்தபின் தவறு நடந்தால் கேட்கிற கேள்வி மட்டும் உண்டு. அந்த வழக்கத்தை மாற்றச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்களில் பலர் இன்று மேலாளர்கள், அதிகாரிகள், சொந்த நிறுவனம் நடத்துபவர்கள். மென்பொருள் வாங்கும் டெண்டரில் ஒரு வரி சேர்க்க உங்களால் முடியும்: "இந்த வேலையை அன்றாடம் செய்யும் ஐந்து பேரை வைத்துச் சோதித்த அறிக்கை இணைக்கப்பட வேண்டும்." ஒரே வரி. யாரோ ஒருவரின் மெமோவை அது எழுதப்படும் முன்பே கிழித்துப்போடும்.

மாணவர்களுக்கு: கடைசி வருஷப் பிராஜெக்ட் என்று எதையாவது கட்டத்தான் போகிறீர்கள். கட்டி முடித்தபின், வைவாவுக்கு முன்னால், ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். உங்கள் அம்மாவையோ, தெருமுனை மருந்துக்கடை அண்ணாவையோ, ஆபீஸ் கிளார்க்கையோ உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அவர்கள் "எனக்குத் தெரியலப்பா" என்று சொல்லும் இடத்தில் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. நீங்கள் சொல்லாமல் விட்டது.

தூங்கியவர்கள் யாராவது இருந்தால், அது பயனாளர் பிழை அல்ல, என் பேச்சின் வடிவமைப்புப் பிழை என்று எடுத்துக்கொள்கிறேன்.